பழைய வீடு கொள்வார்க்கு

மாந்தர் தம் வாழ்நாளிற் பன்முறை கொள்ளும் பொருளைப் பெரிதும் ஆராய்ந்து, ஒருமுறையே கொள்ளும் பொருளை ஆராயாது கொள்வது வியப்பேயாம். கத்தரிக்காய் வாங்குவோர் புழுத்துளை உண்டோவெனத் திருப்பித் திருப்பிப் பார்ப்பர். மண்பானை கொள்வோர் விரலாற் சுண்டி ஓசை கேட்பர். உழவுமாடு பிடிப்போர் பல்லைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், நடத்தியும் பார்ப்பர். இத்துணை விழிப்புடையோரே வீடு கொள்ளுங்கால் ஒரு மாலைப்பொழுதில் உள்ளே நுழைந்து, முற்றத்தில் நின்று அண்ணாந்து நோக்கி, 'நல்ல காற்றோட்டம்' என்று கூறி முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். பழைய வீடாயின் அவ்வொரு மாலைப்பொழுது பல்லாண்டுத் துன்பத்திற்கு வித்தாதல் கூடும். ஆதலின் பழைய வீட்டை எங்ஙனம் ஆராய்ந்து கொள்வது என்பதை ஈண்டு இயன்ற அளவு விளக்கப் புகுகின்றோம்.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, ஏறத்தாழ ஏழு மைல் இடையிட்டு அமைந்த நகரங்கள். முன்னது பருத்தியாலும் பஞ்சாலைகளாலும் வளர்ந்தது, திரு. பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கு ராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்தது 1936ஆம் ஆண்டில். பின்னது பதினொரு நிலைக் கோபுரத்தைத் தலைமேற்கொண்டு கோயிலைச் சூழ வளர்ந்தது. முன்னதிற் பழையபாளையம், புதுப்பாளையம் முதலிய பகுதிகளில் சாவடிகளைச் சுற்றியும், பின்னதில் மாட வீதிகளிலும் தேரோடும் வீதிகளிலும் இரண்டு மூன்று தலைமுறை கண்ட வீடுகள் இன்றும் வரிசையாய் நிற்கின்றன. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல்கடந்த நாடுகட்கும் சென்றுவிட, முதியோர் மறைய, சில காலம் பூட்டிக் கிடந்து அவ்வீடுகள் ஒவ்வொன்றாய் விலைக்கு வருகின்றன. அவற்றை நாடி வருவோருட் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஆலைத் தொழிலாளருமே. அவர் கையிலுள்ளது முப்பதாண்டு உழைப்பின் சேமநிதி. அத்தொகை ஒருமுறை தவறிப்போயின் மீண்டும் ஈட்டுதற்கு அவர்க்கு அகவை இல்லை. யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

சட்டமும் இவ்வகையிற் கொள்வோனுக்கே பெரும்பொறுப்பைத் தருகின்றது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், விற்போன் தான் அறிந்த பெருங்குறைகளை மறையாது உரைத்தல் வேண்டுமென விதிக்கின்றது. எனினும் அவ்விதி, கொள்வோன் சாதாரணக் கவனத்தோடு நோக்கியும் கண்டறிய முடியாத குறைகளையே சுட்டுவது. கண்ணுக்குத் தெரியும் விரிசலைக் காணாது வாங்கியவன், பின்னர் 'எனக்குச் சொல்லவில்லையே' என வழக்காடுதல் பெரும்பாலும் பயன்படாது. ஆகவே காணுதற்குரியவற்றை முன்னரே காணுதல் வேண்டும். அவை உரிமை, கட்டுக்கோப்பு, தெரு, விலை என நான்காம்.

1. உரிமை

பெரியபுராணத்திற் சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த முதியவர், அவர் தமக்கு அடிமையென்று ஓலை காட்டிய வரலாற்றை அறியாதார் இலர். சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தார். முதியவரோ, கிழிந்தது படியோலையே, மூலவோலை தம்மிடம் உண்டென்று கூறித் திருவெண்ணெய்நல்லூர் அவையில் அதனைக் காட்டினார். அவையோர் அதனிற் கண்ட கையெழுத்தைப் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பளித்தனர். திருமறையிலும், எரேமியா ஆனதோத்து நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்குக் கொண்டபோது, முத்திரையிட்ட பத்திரம் ஒன்றும் திறந்த பத்திரம் ஒன்றுமாக இரண்டு எழுதி, நெடுங்காலம் இருக்கும்படி மட்பாண்டத்தில் வைப்பித்ததாகக் காண்கின்றோம். மூலமும் படியும் வேறென்பதையும், மூலமே உயிரென்பதையும் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புடைய அசையாச் சொத்தின் விற்பனை பதிவுசெய்த பத்திரத்தாலன்றி நிகழாது என்பது மேற்கூறிய சட்டத்தின் விதி. ஆதலின் விற்போன் பத்திரத்தை மட்டும் கண்டு அமையாது, அவனுக்கு விற்றவன், அவனுக்கு முன்னோன் எனத் தாய்ப்பத்திரம்வரை சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். மூலப் பத்திரம் தொலைந்தது என்பாராயின், அது எங்கேனும் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டுள்ளதோ என ஐயுறுதல் பிழையன்று. பத்திரம் வேறு, பட்டா வேறு என்பதையும் நினைவிற் கொள்க. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையை நாட்டிவிடாது. இரண்டிலும் கண்ட நான்கெல்லையும் அளவும் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். பழைய பத்திரங்களில் மனையின் நீள அகலங்கள் தச்சுமுழத்தாற் குறிக்கப்பட்டிருத்தலும் உண்டு. அது சாதாரண முழத்தினும் நீண்டதாகலின், அறிந்தாரைக்கொண்டு அடிக்கணக்காக மாற்றி, மனையை நேரில் அளந்து பார்த்தலே நன்று.

வில்லங்கச் சான்று பெற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கருதுவோர் பலர். அச்சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலையும், வாய்மொழிப் பாகத்தையும் அது காட்டாது. எல்லாவற்றினும் மேலாக, ஒருவர் இறந்தார் என்பதை அது காட்டாது. தந்தை இறந்த நொடியில் வீடு மக்கள் பலர்க்கும் உரித்தாகிவிடுகின்றது. சான்றிலோ அத்தந்தையின் பெயரே நின்றுகொண்டிருக்கும். பழைய வீடுகளின் வழக்குகளிற் பல இவ்விடைவெளியிலேதான் பிறக்கின்றன.

குறிப்பாகப் பெண்மக்கள் பங்கினை ஆராய்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் முதல், அந்நாளில் மணமாகாதிருந்த இந்துப் பெண்மக்கள் கூட்டுக் குடும்பச் சொத்திற் பங்காளராயினர். 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் மணமானவர்க்கும் அவ்வுரிமையை அளித்தது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என்று உச்சநீதிமன்றம் 2020இல் தெளிவுறுத்தியது. கிறிஸ்தவக் குடும்பங்களிலோ 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது தந்தை இறப்பின் தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு போக எஞ்சியதில் மகனும் மகளும் நிகரானவர். இவ்வாறாகவும், 'அக்காள் தங்கையர்க்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவர்கள் கேட்கமாட்டார்கள்' என்று விற்போர் இன்றும் சொல்லக் கேட்கின்றோம். கேட்கமாட்டார்களாயின் கையெழுத்திடுதற்குத் தடை யாது? வாரிசுச் சான்றிற் கண்ட ஒவ்வொருவரும் விற்பனைப் பத்திரத்திற் கையெழுத்திடவேண்டும். அன்றேல் முன்னரே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்திருத்தல் வேண்டும். இது வழக்கை அஞ்சி மட்டும் செய்வதன்று. உடன்பிறந்தாள் பங்கை ஒளித்து விற்ற வீட்டை அறிந்தே கொண்டவன், அவ்வொளிப்பிற்குத் துணைநின்றவனே ஆவான்.

கோயிலூர்களுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. வீடு ஒருவர்க்கும் அதன் அடிமனை கோயிலுக்கும் உரியதாயிருத்தல் அது. அத்தகைய வீட்டார் தலைமுறை தலைமுறையாகப் பகுதி கட்டி வாழ்ந்திருப்பர். மனையும் தமதே என்று நம்பியுமிருப்பர். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, ஆணையரின் ஒப்புதலின்றிச் செய்யும் கோயில் நில விற்பனை செல்லாது. ஆதலின் கோயிலைச் சூழ்ந்த வீதியில் வீடு கொள்வோர், நகர நிலவளவைப் பதிவேட்டில் மனை எவர் பெயரில் உள்ளதெனக் காணாது முன்பணம் கொடுத்தல் ஆகாது.

வீட்டின் ஒரு பகுதியில் யாரேனும் குடியிருப்பின், அவரைக் கண்டு, 'எவ்வுரிமையில் இருக்கின்றீர்கள்?' என்று வினவுதல் வேண்டும். வாழ்வோர் உரிமையைக் கொள்வோன் அறிந்தவனாகவே சட்டம் கொள்ளும். விற்போன் சார்பாகப் பவர் பெற்ற ஒருவர் வருவாராயின், அதிகாரம் அளித்தவர் உயிரோடுள்ளாரா என்பதை உறுதி செய்க. அளித்தவர் இறப்பின் அதிகாரமும் இறக்கும்.

2. கட்டுக்கோப்பு

இனி வீட்டை நோக்குவோம். முதலில் நிலத்தின் தன்மை. இந்நாட்டில் மலையடிவாரத்தை ஒட்டிச் செம்மண்ணும், கிழக்கே செல்லச் செல்லக் கரிசலும் மிகும். கரிசல் மழையில் உப்பும், கோடையிற் சுருங்கி வெடிக்கும். ஆண்டுதோறும் ஏறியிறங்கும் அம்மண்மேல் ஆழமின்றி எழுப்பிய சுவர் நாளடைவிற் பிளவுபடும். மணல்மேற் கட்டிய வீட்டின் உவமையை நாம் இளமைமுதற் கேட்டிருக்கின்றோம். கரிசல்மேற் கட்டிய வீட்டிற்கும் அஃது ஒருவாறு பொருந்தும்.

விரிசல் யாவும் தீயவல்ல. மயிரிழைபோற் பரந்து கிடப்பது பூச்சின் வெடிப்பு, அதனால் அச்சமில்லை. சாளரத்தின் மூலையினின்று சாய்வாக ஏறுவதும், ஒரு முனையில் அகன்று மறுமுனையிற் குறுகுவதும், சுவரின் இருபுறமும் தோன்றுவதும் அடித்தளம் இறங்கியதன் அடையாளம். அது பழைய இறக்கமா, இன்னும் நடப்பதா என்பதே வினா. விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தாற் பதித்து, அருகே நாளைக் குறித்து, சில திங்கள் விட்டுவைத்தால் வீடே விடை கூறும். சுவர் அசையின் கண்ணாடி முறியும். மூலைச் சுவர்களில் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்ப்பதும் எளிய சோதனையே. வயிறு தள்ளிய சுவரை அது உடனே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கூரை. பழைய தெருக்களில் ஓட்டுக்கூரையும் மெத்தைத் தளமும் உண்டு. ஓட்டுக்கூரையில் மங்களூர் ஓடு மிகுதி. 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய ஆலையே அத்தொழிலுக்கு முன்னோடியாம். 1927இல் விருதுநகரினின்று தென்காசிக்கு இருப்புப்பாதை இவ்வூர்களின் வழியே வந்தபின், தொலைவிலிருந்து ஓடும் மரமும் கொணர்தல் எளிதாயிற்று. ஓட்டின் அடியிற் பொறித்த முத்திரையைக்கொண்டு ஓட்டின் காலத்தை ஒருவாறு அறியலாம். ஆனால் வீட்டின் வயதை அதனால் துணிதல் ஆகாது. மெத்தைத் தளமாவது, மரவிட்டங்களை நெருங்கப் பரப்பி, அவற்றின்மேற் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்திற் குத்துவாட்டாக அடுக்கி, மேலே செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து, தட்டோடு பதித்தது. அதன் வலிமை முழுவதும் விட்டத்தில் உள்ளது. விட்டத்தின் நடுவைப் பார்த்து மகிழ்வோர் பலர். அது கெடுவதோ பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த முனையில். ஆதலின் ஏணி வைத்து ஏறி, முனையைச் சுத்தியலாற் தட்டிக் கேட்க. கூரிய ஆணியால் அழுத்திப் பார்க்க. நல்ல மரம் கணீரென ஒலிக்கும், ஆணியை உள்ளே விடாது. உளுத்த மரம் மந்தமாய் ஒலிக்கும், மாவாய் உதிரும். சுவரோரத்தில் மண்கோடாய்ச் செல்லும் கறையான் வழி உண்டோவெனப் பலகணியின் பின்னும் பரண்மேலும் விளக்குக்கொண்டு காண்க. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருப்பின், இலையைக் கிள்ளியதனால் அது போய்விடாது. வேர் எவ்வளவு சென்றுள்ளதென்பதைக் கொத்தனார்தாம் கூறவேண்டும்.

மூன்றாவது ஓதம். சென்ற விடுமுறையில் எம் உறவினர் ஒருவர் பொருட்டு யாமும் சில வீடுகளைச் சுற்றிப் பார்த்தோம். ஒரு வீட்டில் மற்றச் சுவரெல்லாம் மங்கிக்கிடக்க, அங்கணத்தை ஒட்டிய ஒரு சுவர் மட்டும் புதுவண்ணத்தோடு பளபளத்தது. கையை வைத்துப் பார்க்கச் சில்லென்றிருந்தது. அடியில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்திருந்தது. ஒரு வீட்டில் ஒரே சுவர் மட்டும் புதிதாய் இருப்பின் அதன் காரணத்தை வினவுதல் நலம் என்பதை அன்று கண்டுகொண்டோம்.

பழைய சுவர்கள் சுண்ணாம்பால் ஆனவை. இந்நாட்டில் 1957இல் மதராஸ் சிமெண்ட்ஸ் நிறுவப்பெற்றுத் துலுக்கபட்டியருகே ஆலை எழுந்த பின்னரே சிமெண்டு எளிதிற் கிடைக்கலாயிற்று. சுண்ணாம்புச் சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சினும் மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேற் சிமெண்டு பூசி அடைத்துவிடின் ஈரம் வெளியேற வழியின்றி மேலேறி, செங்கல்லையும் விட்டமுனையையும் அரிக்கும். 'சென்ற ஆண்டுதான் முழுதும் சிமெண்டு பூசினோம்' என்பது விற்போர்க்குப் பெருமையாயினும், கொள்வோர்க்கு அது மேலும் ஆராய்தற்குரிய செய்தியேயாம்.

நம் பகுதிக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகீழ்க் காற்றால் வருவது. இயலுமாயின் வீட்டை அக்காலத்தில் ஒருமுறை காண்க. சித்திரையில் எவ்வீடும் ஒழுகாது. மின்கம்பி, குழாய் முதலியவற்றை விரிப்பின் பெருகும். மரச்சட்டத்திற் பழங்கம்பி ஓடும் வீட்டில் அதனை முற்றும் மாற்றும் செலவைக் கணக்கிற் சேர்த்துக்கொள்க என்றளவில் நிறுத்துகின்றோம்.

3. தெரு

வீட்டைத் திருத்தலாம், தெருவைத் திருத்தல் அரிது. முதற்கண் வாசலில் நின்று தெருவின் மட்டத்தையும் தார்சாவின் மட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க. பழைய தளத்தைப் பெயர்க்காமலே அதன்மேல் தாரும் காரையும் பலகாலும் இட்டமையால், ஒருகாலத்தில் மூன்று படி ஏறிச் சென்ற வீட்டிற்குள் இன்று ஒரு படி இறங்கிச் செல்லும் நிலை பல தெருக்களில் உண்டு. அத்தகைய வீட்டில் வாறுகால் நிறைந்தால் நீர் உள்ளேதான் வரும். தளத்தை உயர்த்தினாலோ, கதவுநிலையும் கூரையும் தாழ்ந்து குனிந்து நடக்க நேரும்.

அடுத்து, பொதுச்சுவர். வரிசை வீடுகளில் இரண்டு வீட்டிற்கும் ஒரே சுவர் இருத்தல் பெருவழக்கு. அடுத்த வீட்டார் தம் வீட்டை இடித்துக் கட்ட முற்படின் நம் விட்டத்திற்கு நிலை யாது? சுவர் எவர்க்குரியது, பாதியா முழுதா என்பது பத்திரத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இரு வீட்டிற்கும் இடையேயுள்ள முடுக்கில் நடக்கும் உரிமை, சாளரத்தின் வழியே வரும் வெளிச்சம் ஆகியவையும் இருபதாண்டு தடையின்றி நுகர்ந்தவற்றால் உரிமையாகுமென 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் கூறுகின்றது. அவ்வுரிமை நமக்கும் இருக்கலாம், நம்மேல் அயலார்க்கும் இருக்கலாம்.

தெருவை ஒருபொழுதிற் கண்டு துணிதல் கூடாது. விடியலில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை செல்க. தறியோடும் தெருவில் ஓசையும், பால்கோவா கிண்டும் தெருவில் அடுப்புப் புகையும் பிறர் பிழைப்பின் அடையாளங்கள். குடிவந்தபின் அவற்றைக் குறைகூறுதல் முறையன்று, வருமுன் அறிதலே முறை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நாளில் வீதி மக்கள் வெள்ளமாகும். வாசலிலிருந்தே தேர் காணும் பேறு சிலர்க்கு இன்பம், வண்டி வெளிச்செல்ல இயலாமை சிலர்க்குத் துன்பம். நகராட்சிக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை நீர் வருகின்றது, கிணறு கோடையில் வற்றுமா என்பவற்றை விற்போரினும் எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆச்சி நன்கு அறிவார். வீட்டைப் பற்றி அவர் ஒன்றும் கூறாது பேச்சை மாற்றுவாராயின், அதுவும் ஒரு செய்தியே.

4. விலை

உரோம நாட்டுக் கட்டடநூலார் விட்ரூவியசு, அயல்வீட்டாரிடைப் பொதுச்சுவர்க்கு விலை மதிக்கும் முறையைக் கூறியுள்ளார். சில்லுக்கற்சுவராயின் கட்டிய செலவில் ஆண்டொன்றுக்கு எண்பதில் ஒரு பங்கு கழிப்பர். செங்கல் வகைச் சுவர் தூக்குநூலுக்கு நேர்நிற்பின் ஒன்றும் கழியார் என்பது அவர் உரை. வயது மட்டுமே விலையைக் குறைப்பதன்று, நிலையே அளவை என்பது இதனாற் போதரும்.

நம்மவர் கணக்கிடும் முறையில் ஒரு குறையுண்டு. கேட்ட விலையையே வீட்டின் விலையாக எண்ணுகின்றனர். ஒரு வீட்டை நாற்பது இலட்சத்திற்குப் பேசியதாக எடுத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும், 2023 முதற் குறைக்கப்பெற்ற பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 3,60,000 ரூபாயாகும். கூரை, கம்பி, குழாய் ஆகியவற்றைச் செப்பனிட ஆறு இலட்சம் என்று கொத்தனாரும் தச்சரும் மதிப்பின், அவ்வீட்டின் உண்மை விலை 49,60,000 ரூபாய். பழஞ்சுவரைத் திறந்தபின் தோன்றும் எதிர்பாராச் செலவு இதனினும் வேறு. அதற்கென ஒரு தொகையை ஒதுக்காது கையிலுள்ளதனைத்தையும் வீட்டிற்கே கொடுத்தவன், கூரை பிரித்த வீட்டில் மழையை எதிர்பார்த்து நிற்க நேரும். ஆகவே கொத்தனார், தச்சர், மின்பணியாளர், வழக்கறிஞர் ஆகிய நால்வர்க்கும் கூலி கொடுத்து முன்னரே காட்டுவது வீண்செலவன்று. அந்நால்வரையும் விற்போரோ தரகரோ அழைத்துவராது, கொள்வோரே தேடியழைத்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறியதனால் பழைய வீட்டை விலக்குக என்பது எம் கருத்தன்று. தடித்த சுவரும், முற்றமும், உயர்ந்த கூரையும் உடைய வீடு பங்குனி வெயிலிலும் குளிர்ந்திருக்கும். இன்று எழும் சிறு மாடிகளில் அக்குளிர்ச்சி இல்லை. நன்கு பேணின் அது இன்னும் இரண்டு தலைமுறையைத் தாங்கும். ஆராய்ந்து கொள்வோர் பெருகின், ஆராய்ச்சிக்கு அஞ்சி மறைப்போர் குறைவர். நல்ல வீடுகளும் மனைக்காக இடிபடாது பிழைக்கும். ஆராய்ச்சியின் முடிவில் 'இது வேண்டாம்' என்று கூறி வெளியேறுவோர் அதற்கு நாணவேண்டுவதில்லை. தரகர் முகம் கோணுவது ஒருநாட் செய்தி. உரிமையற்றதும் உளுத்ததுமான வீடு ஒரு வாழ்நாட் செய்தி. முன்பணம் கைமாறுமுன் கேட்கும் வினாவிற்குச் செலவு சிறிது. பின்னர்க் கேட்கும் வினாவிற்கு விடை நீதிமன்றத்திலேயே கிடைக்கும்.